குதிரைத்திறன் மண்ணைத் தள்ளாது

பெரிய மண்வேலைக்கு டோசர் எடுக்கப் போகிறவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை ஹெச்.பி.?" ஒப்பந்தக்காரர் அதைக் கேட்கிறார். அவருக்குக் கடன் கொடுப்பவர் அதைக் கேட்கிறார். வாடகைக்கு விடுபவர் அதைச் சொல்லித்தான் மணிக்கூலியை ஏற்றுகிறார். 'இத்தனை குதிரைத்திறனுக்குக் குறையாத டோசர்' என்ற வரியை டெண்டர்களில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். என்ன மண், எவ்வளவு தூரம் தள்ள வேண்டும், ஏற்றமா இறக்கமா என்பதைப் பற்றி அந்த வரிக்கு முன்னும் பின்னும் ஒரு சொல்லும் இருக்காது. எஞ்சின் பெரிதாக இருந்தால் வேலை கூடும், மேலே உட்காரும் ஆள் யாராக இருந்தாலும் மிஷின் இழுத்துக்கொண்டு போய்விடும் என்ற எண்ணம் நம் தொழிலில் வேரோடிப் போயிருக்கிறது.

மண்வேலைத் தளங்களில் இயந்திரப் பராமரிப்பைப் பார்த்துக்கொண்டு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டேன். தேய்ந்த செயின்களையும் வளைந்த ஷூக்களையும் கழற்றிக் குவித்த இடத்தில் நின்று சொல்கிறேன்: அந்த எண்ணம் தவறு. கடைசியில் பார்க்க வேண்டியதை நாம் முதலில் பார்க்கிறோம். முதலில் பார்க்க வேண்டிய மண்ணையோ, மிஷின் லோபெட் டிரெய்லரிலிருந்து இறங்கிய பிறகுதான் குனிந்து பார்க்கிறோம்.

டோசர் எப்படித் தள்ளுகிறது? எஞ்சின் செயினைச் சுற்றுகிறது. ஷூவில் துருத்திக்கொண்டிருக்கும் கிரவுசர் தரையைக் கவ்வுகிறது. கவ்விய தரை பிய்ந்து போகாமல் நின்றுகொடுத்தால்தான் மிஷின் முன்னே போகும். ஆக, தள்ளுவிசை எதுவரை போகும் என்று எல்லை கட்டுவது மிஷினின் எடையும் தரையின் பிடிப்பும்தான். எடையில் எத்தனை பங்கு இழுவிசையாக மாறும் என்பதற்கு உற்பத்தியாளர்களின் கையேடுகளிலேயே எண்கள் உண்டு. கெட்டியான மண்தரையில் நூற்றுக்கு 90 பங்கு. ஈரக் களியில் 70. இளகிய மண்ணில் 60. கல்குவாரித் தரையில் 55. ஈர மணலில் 50. காய்ந்த மணலில் வெறும் 30.

இதை ஒரு 40 டன் டோசருக்குப் போட்டுப் பாருங்கள். கெட்டித் தரையில் அது 36 டன் விசையோடு தள்ளும். அதே மிஷினை, அதே எஞ்சினோடு, திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டின் காய்ந்த செம்மணலில் இறக்கினால் 12 டன்தான் தேறும். மண் வெட்டும்போது டோசர் போகும் வேகம் மணிக்கு சுமார் 2.5 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 12 டன் விசைக்கு வேண்டிய சக்தி 111 குதிரைத்திறன். எஞ்சினுக்கும் செயினுக்கும் நடுவில் போகும் இழப்பைச் சேர்த்தாலும் 140 போதும். இந்த வகை மிஷினில் இருப்பதோ 350. மீதிக்கு அங்கே வேலையே இல்லை. இருக்கிறதே என்று ஆபரேட்டர் அதைக் கூப்பிட்டால் செயின் நின்ற இடத்திலேயே சுழலும், மணலைப் பின்னால் வாரி இறைக்கும், மிஷின் தான் தோண்டிய குழிக்குள் இறங்கும். அந்த இடத்துக்கு 350க்குப் பதிலாக 450 குதிரைத்திறனைக் கொண்டுவந்தவர் ஒரு கூடை மணலைக்கூட அதிகமாகத் தள்ளப் போவதில்லை.

உற்பத்தியாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அவர்கள் செய்த மிஷின்களையே வரிசையாக வைத்துப் பார்க்கலாம். கொமாட்சு டி155 வகை சுமார் 40 டன், சுமார் 350 குதிரைத்திறன். கேட்டர்பில்லர் டி11 சுமார் 104 டன், 850 குதிரைத்திறன். தொடர் உற்பத்தியில் வந்த டோசர்களிலேயே பெரியதான கொமாட்சு டி575ஏ 150 டன்னுக்கு மேல், 1,150 குதிரைத்திறன். எடையால் வகுத்தால் டன்னுக்கு எட்டு, ஒன்பது என்ற இடத்திலேயே எல்லாம் வந்து நிற்கும். மிகப் பெரியதில் எட்டுக்கும் சற்றுக் கீழே. சாலையில் ஓடும் சாதாரணக் காருக்கு ஒரு டன் எடைக்கு எழுபது, எண்பது இருக்கிறது. டோசருக்கு ஏன் அப்படிக் கொடுக்கவில்லை? 40 டன் மிஷின் தன் எடையில் முக்கால் பங்கை, அதாவது 30 டன் விசையை, அதே 2.5 கிலோமீட்டர் வேகத்தில் கொடுக்க வேண்டுமானால் 278 குதிரைத்திறன் வேண்டும். இழப்பைச் சேர்த்தால் 350 வருகிறது. எஞ்சினின் அளவு எங்கிருந்து வந்தது என்று இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது. எடைக்கும் பிடிப்புக்கும் பொருந்துகிற எஞ்சினைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணை மட்டும் பிய்த்தெடுத்து, அதை வைத்து மிஷினை மதிப்பிடுவது காளையின் திமிலை மட்டும் அளந்து விலை பேசுவது போன்றது.

இந்த இயந்திரம் பிறந்த கதையும் இதைத்தான் சொல்கிறது. கலிஃபோர்னியாவில் ஸ்டாக்டன் நகரத்தைச் சுற்றி ஆற்றுக் கழிமுகத்தின் பொதபொதப்பான மக்குமண். அங்கே உழப்போன நீராவி டிராக்டர்கள் புதைந்தன. அவற்றுக்குச் சக்தியில் குறை இருக்கவில்லை. பெஞ்சமின் ஹோல்ட் சக்கரங்களை அகலமாக்கிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் மிஷினின் மொத்த அகலம் 14 மீட்டரைத் தொட்டது. அப்போதும் கதை ஆகவில்லை. 1904 நவம்பரில் நீராவி டிராக்டர் ஒன்றின் பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, மரக்கட்டைகளைக் கோத்த செயினை மாட்டி அந்தச் சேற்றில் ஓட்டினார். புதையாமல் போனது. எஞ்சினைத் தொடவில்லை, காலைத்தான் மாற்றினார். பிறகு 1923இல் கன்சாஸ் மாநிலத்தில் கம்மிங்ஸ், மெக்லியோட் என்ற இருவர் குழாய் பதித்த பள்ளத்தை மூடுவதற்காக டிராக்டருக்கு முன்னால் ஒரு பிளேடைப் பூட்டினார்கள். காலும் கையும் சேர்ந்த பிறகுதான் அது டோசர் ஆயிற்று. எஞ்சின் அவை இரண்டுக்கும் சோறு போடுகிறது.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டிப் போக நான் விரும்பவில்லை. "எடைதான் முக்கியம் என்று நீங்களே சொல்கிறீர்கள். பெரிய மிஷினில் எடையும் கூடத்தானே? அப்படியானால் குதிரைத்திறனைப் பார்த்து வாங்கினாலும் சரியாகத்தானே வரும்?"

கெட்டித் தரை ஆண்டு முழுக்கக் கெட்டியாகவே இருந்தால் சரியாக வரும். நம் மண் அப்படி இருப்பதில்லை. 40 டன் டோசருக்கு 560 மில்லிமீட்டர் ஷூ, தரையைத் தொடும் செயின் நீளம் ஏறத்தாழ 3.2 மீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்தால் 3.6 சதுர மீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 1.1 கிலோ அழுத்துகிறது. கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் சித்திரையில் இந்த மிஷினைத் தாராளமாக ஓட்டலாம். ஐப்பசியில் இரண்டு மழை விழுந்தால் அதே கரிசல் நீரைக் குடித்து ஊதி, ஷூவோடு ஷூவாக ஒட்டிக்கொண்டு, ரோலர்களுக்கு நடுவில் அப்பிக் காய்ந்து செயினை நாண் போல இறுக்கிவிடும். 40 டன் அங்கே சுமையாகிவிடுகிறது. சதுப்புக்கென்று செய்த 20 டன் டோசர், 915 மில்லிமீட்டர் ஷூவோடு, சதுர சென்டிமீட்டருக்கு 0.33 கிலோதான் அழுத்தும். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பெரியது கொட்டகைப் பக்கம் நிற்கும் நாளில் சிறியது வேலை செய்துகொண்டிருக்கும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றார்கள். கால் எத்தனை அகலம் என்றும் தெரிந்துகொண்டு விட வேண்டும்.

அகல ஷூ எங்கும் நல்லது என்று எடுத்துக்கொண்டாலும் தப்பு. நான் வேலை பார்த்த ஒரு தளத்தில் இது நடந்தது. ஏரி தூர்வாரிய இடத்திலிருந்து அகல ஷூவோடு வந்த டோசரை, மாற்றும் செலவைப் பார்த்து, அப்படியே சுக்கான்பாறை வெட்டும் இடத்துக்கு அனுப்பினோம். நாங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். பாறைமுனையில் ஏறும்போதெல்லாம் ஷூவின் வெளி ஓரம் நெம்புகோல் போல வேலை செய்தது. முதலில் ஷூ போல்ட்டுகள் தளர்ந்தன. பிறகு ஷூக்கள் வளைந்தன. அதன் பிறகு பின்-புஷ் சீல்கள் உடைந்து எண்ணெய் கசிந்தது. ஷூ மாற்றாமல் மிச்சம் பிடித்த பணத்தைப்போலப் பலமடங்கு செயினுக்குப் போயிற்று. புதையாமல் இருப்பதற்கு எவ்வளவு அகலம் போதுமோ, அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட வேண்டாம் என்பதை அந்த மிஷினிடம்தான் கற்றுக்கொண்டேன்.

பிளேடு விஷயத்திலும் இதே கண்மூடித்தனம். 40 டன் மிஷினுக்கு அரை-யு பிளேடு போட்டால் சுமார் 9 கனமீட்டர் கொள்ளும், முழு யு பிளேடு என்றால் சுமார் 12. பெரியது நல்லது என்று நினைப்பவர் 12ஐக் கேட்டு வாங்குவார். நிலக்கரி, லிக்னைட், உதிர்ந்து கிடக்கும் லேசான பொருள் ஆகியவற்றை ஓரளவு தூரம் தள்ள அது மிக நல்ல பிளேடு. குவித்து வைத்த லிக்னைட் ஒரு கனமீட்டர், இளகிய மண்ணின் எடையில் ஏறத்தாழ பாதிதான் இருக்கும். ஆகவே கொள்ளளவு வேண்டும். கெட்டிச் சரளையில் அதே பிளேடு தடுமாறும். வெட்டுமுனை நீளமாக இருப்பதால் விசை பரவிப்போகிறது, முனை மண்ணுக்குள் இறங்குவதில்லை. அங்கே குறுகிய, நேரான பிளேடு மண்ணைக் கடித்துக்கொண்டு போகும். பாறை கலந்த மண் என்றால் அரை-யு. தளத்தில் என்ன மண் இருக்கிறது என்று கேட்காமல் இவற்றில் எதைத் தேர்ந்தெடுக்க முடியும்?

அடுத்து தூரம். டோசரைப் பற்றிய தவறான நம்பிக்கைகளில் பணத்தை அதிகம் கரைப்பது இதுதான் என்பது என் கருத்து. 9 கனமீட்டர் பிளேடோடு 30 மீட்டர் தள்ளுவதாக வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது மணிக்கு 3 கிலோமீட்டர், பின்னால் வரும்போது 6. போக 36 நொடி, வர 18 நொடி, கியர் மாற்ற 6 நொடி. ஆக ஒரு நிமிடம். மணிக்கு 60 நடை, 540 கனமீட்டர் இளகிய மண். தூரத்தை 90 மீட்டராக்கினால் ஒரு நடைக்கு 168 நொடி, மணிக்கு 193 கனமீட்டர். தூரம் மூன்று மடங்கானால் வேலை ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகிறது. வழியில் பிளேடின் இரண்டு பக்கமும் சிந்திப்போகும் மண்ணை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. நூறு மீட்டரைத் தாண்டினால் டோசரை விட்டுவிட்டு ஸ்கிரேப்பரையோ, பொக்லைனும் டிப்பருமாகவோ யோசிக்க வேண்டும். 150 மீட்டர் தள்ள வேண்டிய இடத்தில் 'இன்னும் பெரிய டோசர் கொண்டுவா' என்று கேட்பது நோயைத் தெரிந்துகொள்ளாமல் மருந்தின் அளவைக் கூட்டுவது.

நெய்வேலியைப் பாருங்கள். 1956இல் நிறுவனம் தொடங்கி, 1961இல் லிக்னைட் கண்ணில் பட்ட சுரங்கம் அது. லிக்னைட்டின் மேல் கிடப்பது கெட்டியான கடலூர் மணற்கல். அந்த மேல்மண்ணை வெட்டுவது ராட்சதச் சக்கர வெட்டு இயந்திரங்கள், கொண்டுபோவது கன்வேயர், கொட்டுவது ஸ்பிரெடர். டோசர்களும் அங்கே இருக்கின்றன. வெட்டு இயந்திரம் நிற்கும் தரையைச் சமன் செய்கின்றன, கொட்டிய மண்ணை நிரவுகின்றன, வெட்டுமுகம் நகர்ந்தால் கன்வேயரை இழுத்து நகர்த்தவும் அவைதான் வருகின்றன. மண்ணைத் தூரம் கொண்டுபோகும் வேலையை யாரும் அவற்றிடம் கொடுப்பதில்லை. அத்தனை பெரிய சுரங்கத்தில் அத்தனை பெரிய இயந்திரங்களுக்கு நடுவில் டோசருக்கு அதன் வேலை எது என்று தெளிவாக வகுத்திருக்கிறார்கள். நம் ஒப்பந்தத் தளங்களில்தான் வெட்டு, தள்ளு, கொண்டுபோ, நிரவு, கெட்டிப்படுத்து என்று எல்லாவற்றையும் ஒரே மிஷினின் தலையில் கட்டுகிறோம்.

இனி நான் பேச வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மேலே போட்ட 540 கனமீட்டர் கணக்கு, குறையே இல்லாத ஆபரேட்டருக்கும் முழு 60 நிமிட மணிக்கும் போட்டது. உற்பத்தியாளர் கையேடு ஆபரேட்டருக்கென்று ஒரு பெருக்கெண் வைத்திருக்கிறது: மிகச் சிறந்தவருக்கு 1, சராசரிக்கு 0.75, தேறாதவருக்கு 0.60. மணிக்கு 50 நிமிடம் வேலை நடக்கிறது என்று எடுத்துக்கொண்டால் இன்னொரு 0.83. பெருக்கிப் பாருங்கள். சிறந்தவர் மணிக்கு 448 கனமீட்டர் தள்ளுவார், சராசரி ஆள் 336, தேறாதவர் 269. மிஷின் ஒன்று, மண் ஒன்று, டீசல்கூட ஏறத்தாழ ஒன்றுதான். நடுவில் 179 கனமீட்டர் வித்தியாசம். எந்த உற்பத்தியாளரும் எந்த எஞ்சினை மாற்றியும் இவ்வளவு தர முடியாது. மேலே உட்காரும் ஆள் யாராக இருந்தால் என்ன என்று சொல்பவர்கள் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டும்.

சிறந்தவர் என்ன செய்கிறார்? பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். தள்ளும் தூரத்தின் முதல் பத்து, பதினைந்து மீட்டருக்குள் பிளேடை நிரப்பிவிடுவார். நிரம்பியதும் ஒரு கையளவு தூக்கி, அதற்குப் பிறகு வெட்டாமல் சுமையை உருட்டிக்கொண்டு போவார். தெரியாதவர் முப்பது மீட்டரும் சுரண்டிக்கொண்டே போவார்; பிளேடு பாதி காலியாகவே இருக்கும், செயின் முழுநேரமும் வழுக்கும். சிறந்தவர் ஒரே தடத்தில் திரும்பத் திரும்பப் போய் ஒரு பள்ளத்தை உண்டாக்குவார். உழவில் சால் என்கிறோமே, அதே சால்தான், 4 மீட்டர் அகலத்தில். இரண்டு பக்கமும் மண்சுவர் நிற்பதால் பிளேடிலிருந்து மண் சிந்தாது. இந்த ஒரு பழக்கத்துக்கு மட்டும் கையேடு 20 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்கிறது. அந்தச் சாலையும் கொட்டும் இடத்துக்குப் பக்கத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி நீட்டிக்கொண்டு போவார்; தொலைவிலிருந்து தொடங்கினால் முதல் நடைகளில் சுவர் இருக்காது, பாதி மண் வழியிலேயே போய்விடும். நடுவில் விட்ட மண்சுவர்களைக் கடைசியில் தனியாக எடுத்துக்கொள்வார்.

சரிவை அவர் பார்க்கும் விதமும் வேறு. 100க்கு 15 இறக்கம் இருந்தால் 40 டன் மிஷினின் எடையில் 6 டன் தானாகவே தள்ளுவிசையோடு சேர்கிறது. வெட்டும் வேகத்தில் அது 55 குதிரைத்திறனுக்குச் சமம். ஒரு சொட்டு டீசல் கேட்காத 55. கூடுதல் குதிரைத்திறனுக்கு லட்சக்கணக்கில் கொடுக்கத் தயாராக இருப்பவர், காலையில் அரைமணி நேரம் செலவழித்து வெட்டின் வாட்டத்தை இறக்கமாக மாற்றி அமைக்கச் சொல்வதில்லை. அதே மிஷினை ஏற்றத்தில் தள்ளவிட்டால் அந்த 6 டன் எதிர்ப்பக்கம் சேர்ந்துகொள்ளும்.

கொட்டும் விளிம்புக்கு வந்தால் அவர் ஓரம்வரை போகமாட்டார். கொண்டுவந்த மண்ணைக் கொஞ்சம் பின்னாலேயே விட்டுவிட்டு, அடுத்த நடையின் மண்ணால் அதைத் தள்ளிவிடுவார். நேரமும் மிச்சம், உயிரும் மிச்சம். புதிதாகக் கொட்டிய மண்ணின் ஓரம் 40 டன்னைத் தாங்கும் என்று நம்பிப் போன மிஷின்கள் உருண்டிருக்கின்றன.

ரிப்பர் போடும்போதும் இதே கைப்பக்குவந்தான் பேசும். பாறையைக் கிழிக்க முதல் கியர், மெதுவான வேகம், முடிந்தால் இறக்கம். கிழித்த கல்லை முழுக்க வழித்தெடுக்காமல் ஒரு படுகையை விட்டு வைப்பார். அடுத்த நடையில் செயின் வழுக்கைப் பாறைமேல் ஓடாமல் அந்தப் படுகைமேல் ஓடும். பிடிப்பும் கூடும், ஷூவும் பிழைக்கும். இதில் எதையும் எஞ்சின் செய்வதில்லை.

"அதெல்லாம் பழைய காலம், இப்போது மிஷினே பார்த்துக்கொள்ளும்" என்று இளம் பொறியாளர்கள் என்னிடம் சொல்கிறார்கள். 2013இல் கொமாட்சு டி61 வகையில் பிளேடைத் தானாகக் கட்டுப்படுத்தும் டோசரைக் கொண்டுவந்தது, மற்றவர்களும் கொண்டுவந்துவிட்டார்கள். நல்ல கருவி. நான் அதற்கு எதிரி இல்லை. அது என்ன செய்கிறது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். பிளேடின் மேல் ஏறும் சுமையை உணர்ந்து, செயின் வழுக்கப் போகும் நேரத்தில் பிளேடைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கிறது. சக்தி போதவில்லை என்பதற்காக எஞ்சினை முடுக்கவில்லை. தரை தாங்கவில்லை என்பதற்காகச் சுமையைக் குறைக்கிறது. நல்ல ஆபரேட்டர் எஞ்சின் சத்தத்தையும் இருக்கையின் அதிர்வையும் வைத்துச் செய்ததை அது சென்சார் வைத்துச் செய்கிறது. எங்கே சால் போடுவது, எந்தப் பக்கம் வாட்டம் எடுப்பது, இன்று இந்த மண்ணில் இறங்கலாமா என்பதையெல்லாம் ஆள்தான் இன்னும் முடிவு செய்கிறார்.

இந்தத் தவறான எண்ணம் இவ்வளவு நாள் நிலைத்து நிற்பதற்குக் காரணம் நாம் கூலி கொடுக்கும் முறை என்று நினைக்கிறேன். டோசரை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறோம். ஹவர் மீட்டர் ஓடினால் பணம். எத்தனை கனமீட்டர் நகர்ந்தது என்று மாலையில் அளப்பவர் அபூர்வம். அளக்காத இடத்தில் ஒப்பிடுவதற்கு ஒரே ஒரு எண்தான் மிஞ்சுகிறது. அது மிஷினின் பக்கவாட்டுத் தகட்டில் எழுதியிருக்கிற குதிரைத்திறன். செலவு எங்கே போகிறது என்பதும் இதனாலேயே கண்ணுக்குத் தெரிவதில்லை. செயின், ஷூ, ரோலர், ஐட்லர், ஸ்ப்ராக்கெட் என்று கீழ்ப்பகுதி மட்டுமே ஒரு செயின் மிஷினின் பராமரிப்புச் செலவில் பாதியை விழுங்கக்கூடியது. அதை விழுங்க வைப்பது மூன்று, நான்கு பழக்கங்கள்: வழுக்கவிடுவது, பின்னால் வரும்போது மிக வேகமாக வருவது, செயினைத் தேவைக்கு மேல் இறுக்கி வைப்பது, எப்போதும் ஒரே பக்கம் திரும்புவது. பின்னால் ஓடும்போது புஷ்ஷுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் உராய்வு கூடும். மூன்றாம் கியரில் ஓடிவந்து மிச்சம் பிடிக்கும் நொடிகளுக்கு வருடக் கடைசியில் செயினாக விலை கொடுக்க வேண்டும். கூடுதல் குதிரைத்திறன் இந்தப் பழக்கங்களில் ஒன்றையும் குறைப்பதில்லை. முதல் இரண்டையும் சுலபமாக்கித் தருகிறது.

பெரிய மிஷினே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வெடி வைக்க முடியாத இடத்தில் கெட்டிப் பாறையைக் கிழிக்க வேண்டுமானால் எடையுள்ள மிஷின் இல்லாமல் முடியாது. 20 டன் டோசர் அங்கே நகத்தால் பிறாண்டும். திறந்தவெளிச் சுரங்கத்தில் வெடித்த மேல்மண்ணை ஆண்டுக்கணக்காக ஒரே சரிவில் கீழே தள்ளிக்கொண்டிருக்கும் வேலைக்கு 100 டன் டோசர் பொருத்தம், அதற்காகவே செய்தார்கள். அந்த இடங்களில் தரை தெரியும், சரிவு தெரியும், தூரம் தெரியும், மிஷினை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை. பழுதானால் மாற்று மிஷின் நிற்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தளம் மாறுகிற ஒப்பந்தக்காரருக்கு அவற்றில் எதுவும் இல்லை. அவருக்கு ஒரு பெரிய மிஷினைவிட நடுத்தர மிஷின் இரண்டு உதவும். இரண்டையும் பிளேடோடு பிளேடு சேர்த்து ஓட்டினால் நடுவில் மண் சிந்தாது. கையேடு அதற்கும் 15 முதல் 25 விழுக்காடு கூடுதல் தருகிறது. ஒன்று படுத்துவிட்டாலும் மற்றது ஓடும்.

கடைசியாக வேலை பார்த்த தளங்களில் ஒன்றில், முதலாளி நடுத்தர டோசரை விற்றுவிட்டுப் பெரியதை எடுத்தார். பதினெட்டு ஆண்டு அனுபவமுள்ள ஆபரேட்டர் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டார். "மிஷினுக்கு இவ்வளவு போட்டாச்சு, மிஷினே வேலை செய்யும்" என்று அவரை அனுப்பிவிட்டு, டிப்பர் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பையனை உட்கார வைத்தார்கள். நல்ல பையன். காலையில் முதல் ஆளாக வந்து ரேடியேட்டர் தண்ணீரும் ஆயிலும் பார்ப்பான், சாயங்காலம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ரோலர்களில் அப்பிய மண்ணைத் தானே சுரண்டுவான். மாலையில் நான் அளந்த அளவுகள் பழைய மிஷினின் அளவை ஒரு நாளும் தொடவில்லை. ஆறு மாதம் கழித்துச் செயினைக் கழற்றிக் காலிபர் வைத்துப் பார்த்தேன். இடப்பக்கச் செயின் வலப்பக்கத்தைவிட நன்றாகவே தேய்ந்திருந்தது. கொட்டும் இடத்திலிருந்து வலப்பக்கமாகவே திரும்பித் திரும்பி வந்திருக்கிறான். கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு செயினையும் தடவிப் பார்த்துவிட்டு, "இதை யாருமே எங்கிட்ட சொல்லலை சார்" என்றான்.